மத்தியானம் ஒன்றரை மணிக் கோபம்: மறதிநோயுள்ள மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு இது எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து பற்றி வரும் இடங்களில் முடிவெடுத்தவர்கள் மருத்துவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கோயில் நகரம். அங்குள்ள பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வயது 71. தெருவில் எல்லோருக்கும் அவர் 'கணக்கு சார்'. இங்கேயும் சார் என்றே சொல்கிறேன். அவர் மனைவிக்கு வயது 67. அவரை அம்மா என்று குறிப்பிடுகிறேன். மகள் கோயம்புத்தூரில், மகன் சிங்கப்பூரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். காலையில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்ட ஒரு பெண் வந்து போவார். சோறு சார் வடிப்பார், குழம்பும் காயும் பக்கத்துத் தெரு மெஸ்ஸிலிருந்து வரும்.

அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர் உறுதிப்படுத்தி, நாங்கள் பார்த்தபோது மூன்று வருடம் ஆகியிருந்தது. நடப்பார், பேசுவார். குளிக்க, புடவை கட்ட, கழிவறைக்குப் போக ஆள் வேண்டும். 30 மதிப்பெண்ணுக்கான நினைவாற்றல் சோதனையில் 14 எடுத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார். பதில் சொன்னால் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த ஐந்தாவது நிமிடம் அதையே கேட்பார்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வீட்டோடு, ஒரே ஒரு ஆளின் கையில் இருக்கிறார்கள். அந்த ஒரு ஆளுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது இந்த ஆய்வு.

எங்களிடம் வந்த விதம்

ஆடிப்பெருக்குக்கு வந்த மகள், அம்மாவைக் குளிப்பாட்டும்போது இடது முன்கையில் நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தார். அப்பாவிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மாவுக்கு அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்க்கும் எங்கள் சிறு குழுவைத் தெரிந்தவர் மூலம் கூப்பிட்டார். குழுவில் ஒரு செவிலியர் உண்டு. நான் சமூகப் பணியாளர்.

முதல் வருகை

முதல் வேலை அம்மாவின் பாதுகாப்பு. செவிலியர் அவரைத் தனியறையில் வைத்து உடம்பு முழுக்கப் பார்த்தார். அந்தத் தடத்தைத் தவிர வேறு காயம், பழைய தழும்பு, படுக்கைப் புண் எதுவும் இல்லை. எண்ணெய் தேய்த்து வாரிய தலை, வெட்டிய நகம், துவைத்த புடவை. கணவர் பக்கத்தில் வந்தபோது அவர் ஒடுங்கவும் இல்லை. சாரிடம் நான் நேராகவே கேட்டேன். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"நான் அவளை அடிக்கலம்மா. கையைப் பிடிச்சேன். பிடிச்ச பிடி எனக்கே தெரியல."

மகள் பத்து நாள் கூடுதலாகத் தங்குவது என்று முடிவானது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐப் பெரிதாக எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டினோம். அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று மகள் கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றோம். பழகின வீட்டிலிருந்து திடீரென்று இடம் மாற்றினால் இந்த நோயுள்ளவர்களுக்குக் குழப்பம் அதிகமாகும். தவிர, கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஆளைப் பிரிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று எங்களுக்குப் பட்டது. ஆனால் இன்னொரு தடம் விழுந்தால் இந்த முடிவு மாறும் என்பதைச் சாரிடமும் மகளிடமும் ஒளிக்காமல் சொன்னோம்.

அன்றைக்குச் சார் தன் செல்போனை எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பிய பொறுமை பற்றிய வீடியோக்கள் வரிசையாக இருந்தன. சகிப்புத்தன்மை, கோபத்தை அடக்க ஐந்து வழி, மூச்சுப் பயிற்சி, இன்னும் என்னென்னவோ. "இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் படுக்கிறேன். காலைல நல்லாத்தான் இருக்கேன். மத்தியானம் எங்கேயோ போயிடுதும்மா" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டோம். ஒரு மனிதருக்குக் காலையில் இருக்கும் பொறுமை மத்தியானம் இல்லை என்றால், அவருடைய குணத்தை ஆராய்வதைவிடக் காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது உபயோகம். ஏற்கனவே அந்த வீட்டில் பொறுமையைப் பற்றிய அறிவுரைக்குப் பஞ்சம் இல்லை. ஒரு உறவினர், "போன ஜென்மத்துக் கடன், தீர்த்துட்டுப் போங்க" என்றுகூடச் சொல்லியிருந்தார். இதெல்லாம் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது குற்றவுணர்ச்சிதான். அதனால் நாங்கள் இன்னொரு பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஜாரிட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 88-க்கு மதிப்பெண் போடுவார்கள். எண் கூடினால் சுமை கூடுதல் என்று அர்த்தம். சாருக்கு 51 வந்தது. அதில் சில கேள்விகளுக்கு, "இதெல்லாம் கேக்கலாமாம்மா?" என்றார். மனைவி பக்கத்தில் இருக்கும்போது எரிச்சல் வருகிறதா என்ற கேள்வி அதில் ஒன்று.

நோட்டில் தெரிந்தது

இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னோம். கணக்கு வாத்தியார் அல்லவா, நாங்கள் கேட்டதைவிட ஒழுங்காகச் செய்தார். நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துப் பத்தி பிரித்தார்: நேரம், அவள் கேட்டது, நான் சொன்னது, கோபம் பத்துக்கு எத்தனை. ஐந்தாவது பத்தி ஒன்றைச் செவிலியர் சேர்த்தார்: கடைசியாக நான் சாப்பிட்டது எப்போது, என்ன. சார் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் என்பதால் அந்தப் பத்தி.

நோட்டிலிருந்து ஒரே நாளின் இரண்டு வரிகள்:

"காலை 6.50. பால்காரன் வந்தாச்சா? வந்தாச்சு. 1. இன்னும் சாப்பிடவில்லை, காபி மட்டும்."

"மதியம் 1.35. பால்காரன் வந்தாச்சா? எத்தனை தடவடி சொல்றது. 8. காலை 8.00, இட்லி 3."

கேள்வி அதேதான், கேட்டவரும் அவரேதான். காலையில் ஒன்று, மதியம் எட்டு. இரண்டு வாரம் முடிந்ததும் சார் தானாகவே ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். மதியம் 12.45-லிருந்து 2.30 வரை ஒரு மேடு. சாயங்காலம் 5-லிருந்து 7 வரை இன்னொரு மேடு. கையைப் பிடித்த சம்பவம் முதல் மேட்டில் நடந்தது. மற்ற நேரமெல்லாம் இரண்டு, மூன்றைத் தாண்டவில்லை. "அப்ப நான் நாள் முழுக்கக் கோபக்காரன் இல்லை" என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டு மேட்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கும் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அப்படி இல்லை.

மத்தியானம்

ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் செவிலியர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். சார் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயையும் அவர் மென்று முடிக்கவே நேரமாகும். நடுவில் எழுந்து போவார், திரும்ப உட்கார வைக்க வேண்டும். ஊட்டி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு கை கழுவிவிட்டு, இடத்தைத் துடைத்துவிட்டு, அவரைப் படுக்க வைத்து, பாத்திரத்தையும் தேய்த்துவிட்டுச் சார் சாப்பிட உட்காரும்போது மூன்று மணி. காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி. அதற்கு முன்னால் போட்ட சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் இருந்தது.

ஒன்றே முக்கால் மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரின் நெற்றி வேர்த்திருந்தது. கரண்டி பிடித்த கை லேசாக நடுங்கியது. செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார்: 62.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. கிளிமிபிரைடு வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதற்கு வரும் தீனி குறைந்ததும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கவிடுகிறது. வேர்வை, படபடப்பு, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதனால் வருபவை. சாரைக் கேட்டால், "சாப்பிட்டதும் சரியாயிடும், அதான் பெருசா எடுத்துக்கல" என்றார். இத்தனை நாள் அதைக் களைப்பு என்று நினைத்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மனவுறுதி என்பது ஒரு தொட்டி மாதிரி, பயன்படுத்தினால் காலியாகும், இனிப்புச் சாப்பிட்டால் நிரம்பும் என்று ஒரு கருத்து நன்றாகப் பரவியிருக்கிறது. 1998-ல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரின் குழு, பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் சாப்பிட வைக்கப்பட்டவர்கள் அடுத்து கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள் என்று காட்டியதிலிருந்து கிளம்பியது அது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, அந்தக் கருத்தைச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி எந்த விளைவும் கிடைக்கவில்லை. சாருக்கு நடந்தது இந்த வகையைச் சேர்ந்தது இல்லை. அது மாத்திரையும் சாப்பாட்டு நேரமும் பொருந்தாமல் போனதால் வந்த உடல் கோளாறு. கோபம் வந்தால் லட்டு சாப்பிடுங்கள் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால், நான் பொறுப்பில்லை.

சர்க்கரை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 6.3 சதவீதம் இருந்தது. நல்ல எண் என்று சார் பெருமையாகத்தான் காட்டினார். இந்த வயதில், வீட்டில் வேறு துணையில்லாமல், இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, தாழ்ந்து போவதுதான் உங்களுக்கு அதிக ஆபத்து என்றார் மருத்துவர். கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும். அளவு 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்ப்பது.

மாத்திரை மாற்றம் சுலபமாக முடிந்தது. சாப்பாட்டு வரிசையை மாற்றுவதுதான் கஷ்டம். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்றதும் சாருக்கு முகம் மாறிவிட்டது. "அவ பசியோட உக்காந்திருக்கப்ப நான் எப்படிம்மா சாப்பிடறது? நாப்பது வருஷம் எனக்குப் போட்டுட்டுத்தான் அவ சாப்பிட்டா." இதற்கு எங்களிடம் வாதம் இல்லை. கடைசியில் கிடைத்த வழி, இரண்டு பேரும் பன்னிரண்டேகாலுக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அம்மாவின் தட்டில் குழைந்த சாதத்துக்குப் பதில் கையால் எடுக்கக்கூடியது: இட்லித் துண்டு, தயிர்சாத உருண்டை, வேகவைத்த காய். எதிரே ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் இந்த நோயாளிகளில் பலரின் கை தானாகத் தட்டுக்குப் போகும். அம்மாவுக்கும் போனது. பாதிச் சாப்பாட்டை அவரே சாப்பிட ஆரம்பித்தார். தரையில் சிந்தியது நிறைய. ஊட்டும் நேரம் பாதியானது.

சாயங்காலம்

இரண்டாவது மேட்டுக்குக் காரணம் அம்மாவின் நோய். நாலரை மணி ஆனால் அம்மா எழுந்து வாசலுக்கும் ரேழிக்குமாக நடப்பார். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க." மறதிநோயில் பொழுது சாயும் நேரத்தில் இப்படித் தவிப்பு கூடுவது பலருக்கும் நடப்பது. சன்டவுனிங் என்பார்கள். களைப்பு, மங்கும் வெளிச்சம், சுவரில் நீளும் நிழல், உடலின் நாள் கடிகாரத்தில் வரும் பழுது என்று பல காரணங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் அதை முதலில் சோதித்துப் பார்த்தோம். இல்லை.

சார் இதற்கு ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொன்னார். "இதுதான் உன் வீடு. உங்க அம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு." அம்மா அதைப் புதுச் செய்தியாகக் கேட்டு அழுவார். அழுது முடித்ததும் மறந்து, மறுபடி கேட்பார். அவரைப் பெற்றவரின் சாவுச் செய்தி அந்த வீட்டில் ஒரே சாயங்காலத்தில் மூன்று, நான்கு தடவை வந்துகொண்டிருந்தது. சாருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தப்பான விடையைத் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். உண்மையில் அவருடைய சக்தியில் பெரும்பகுதி இந்தத் திருத்தும் வேலைக்கே போய்க்கொண்டிருந்தது.

பொய் சொல்ல வேண்டாம், திருத்தவும் வேண்டாம், அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள் என்றோம். அம்மாவின் ஊர் வலங்கைமான் பக்கம். பங்குனியில் அங்கே மாரியம்மன் கோயிலில் பாடைக்காவடி எடுப்பார்கள். நோயிலிருந்து பிழைத்தவர்கள், வேண்டிக்கொண்டபடி, பிணம் மாதிரி பாடையில் படுத்து ஊர்வலமாக வருவது வழக்கம். அதைப் பற்றிக் கேட்டால் அம்மா உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதில் யாரைப் பாடையில் பார்த்துப் பயந்தேன், யார் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டே போவார். சார், "எனக்கே தெரியாத கதையெல்லாம் வருது" என்றார்.

மகள் ஒரு யோசனை சொன்னார். அம்மா பூ நன்றாகத் தொடுப்பார். கை பழகிய வேலைகள் இந்த நோயில் மற்ற நினைவுகளைவிட நீண்ட நாள் தங்கும் என்பதால் அதை முயன்றோம். தினம் நாலேகாலுக்கு உதிரி மல்லியும் வாழைநாரும் ஒரு தாம்பாளத்தில். சில நாள் வரிசையாகத் தொடுப்பார். சில நாள் பூவைப் பிய்ப்பார். இரண்டுமே சரி, பூ சாமிக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விளக்கு விஷயத்தில் சின்னத் தகராறு. ஓட்டு வீடு, ஐந்து மணிக்கே உள்ளே இருட்டு கட்டும். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் லைட் போடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. ட்யூப்லைட்டை நாலரைக்கே போடுவது, சாமி விளக்கை வழக்கமான நேரத்துக்கு ஏற்றுவது என்று சமரசம் ஆனது.

பிறகு, சிங்கப்பூர் போன். மகன் தினமும் வேலை முடிந்து நம் நேரம் ஆறு மணிக்கு வீடியோவில் வருவார். பாசமான பிள்ளை, தவறாமல் வருவார். வந்ததும், "அம்மா, நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்பார். அம்மா திணறுவார், சார் பக்கத்தில் இருந்து குறிப்பு கொடுப்பார், பதில் வராது, மகன் குரல் உடையும். போன் வைத்த பிறகு மூன்று பேருக்கும் மனசு சரியிருக்காது. அது சரியாக இரண்டாவது மேட்டின் உச்சி. போனை சனி, ஞாயிறு காலைக்கு மாற்றச் சொன்னோம். பரீட்சை வைக்காமல், "அம்மா, நான் உங்க பையன் பேசறேன்" என்று தொடங்கச் சொன்னோம். மகனுக்கு முதலில் வருத்தம்தான். இரண்டு வாரம் கழித்து அவரே, காலையில் அம்மா சிரிக்கிறாங்க என்றார்.

ராத்திரி

சார் ராத்திரியில் தூங்குவது தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். அம்மா ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து நடப்பார். கனவில் பயந்து கத்துவார். மறதிநோய்க்கான டோனெபெசில் மாத்திரையை அவருக்கு ராத்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், துல்லியமான கனவுகளைக் கொண்டுவரும். நரம்பியல் மருத்துவரிடம் சொன்னதும் அதைக் காலைக்கு மாற்றினார். மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரத்தோடு நிறுத்தினோம். அம்மா ஒரு தடவை எழுவது தொடர்ந்தது. இரண்டாவது தடவை பெரும்பாலும் நின்றது.

அம்மா மதியம் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சாரும் படுக்க வேண்டும் என்றோம். "பத்துப் பாத்திரம் கிடந்தா எனக்குக் கண்ணு மூடாது" என்றார். சரி, காலையில் வரும் பெண் மதியம் ஒரு நடை கூடுதலாக வந்தால்? மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடுதல் செலவு. அதை மகள் ஏற்றுக்கொண்டார். இந்தச் செலவை ஏற்க முடியாத வீடுகளுக்கும் நாங்கள் போகிறோம். அங்கே பாத்திரம் கிடக்கட்டும் என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இல்லை.

இடையில் நடந்தவை

ஐப்பசியில் நல்ல மழை. மூன்று நாளாகச் சூரியனே தெரியவில்லை. சாயங்காலத் தவிப்பு மதியமே தொடங்கியது. கை இறுகுவது போலத் தோன்றினால் பேசாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வாருங்கள் என்று திட்டத்தில் இருந்தது. சார் அப்படியே போனார். திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. அரைமணி நேரம் தேடியபின், இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சில் அம்மா நனைந்து உட்கார்ந்திருப்பதாகக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சார் அன்றிரவு எனக்குப் போன் செய்து, "பொறுமையா இருந்தா அவ காணாம போறா, பக்கத்துல இருந்தா நான் கையைப் பிடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் தச்சரை வைத்து வாசல் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டோம். அம்மாவின் வளையல் ஒன்றில் சாரின் போன் எண்ணைப் பொறித்தோம். தெருவில் பூக்காரி, டீக்கடைக்காரர், எதிர்வீடு, மூலை மருந்துக்கடை ஆகிய நான்கு பேரிடமும் விஷயத்தைச் சொன்னோம். வீட்டு விவகாரம் வெளியே தெரியக் கூடாது என்று மூன்று வருடம் மறைத்து வைத்தவர் சார். சொன்ன பிறகு எதிர்வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு சாயங்காலம் அம்மாவோடு வந்து உட்கார ஆரம்பித்தார். அந்த நேரத்தில் சார் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். எங்கள் திட்டத்தில் இல்லாத இந்த ஏற்பாடுதான், என் கணிப்பில், மாத்திரைக்கு அடுத்தபடியாக அதிகம் உதவியது.

நோட்டை நாங்களே நிறுத்தச் சொன்னோம். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் அதை மதிப்பெண் அட்டையாக ஆக்கிவிட்டார். ஏழு வந்த நாளில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ராத்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தைக் கண்டுபிடிக்கக் கொடுத்த நோட்டின் வேலை முடிந்திருந்தது.

தையில் பார்த்தபோது

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தோம். ஜாரிட் 51-லிருந்து 37-க்கு வந்திருந்தது. மதிய மேடு கிட்டத்தட்ட இல்லை. 70-க்குக் கீழே சர்க்கரை ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தது, அதுவும் அவர் விரதம் இருந்த நாள். மூன்று மாதச் சராசரி 7.1. மருத்துவர் அது போதும் என்றார். சாருக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அம்மா உடம்பில் தடம் எதுவும் இல்லை. மகளும் செவிலியரும் தனித்தனியாக அதைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள்.

சாயங்காலம் முழுக்கத் தீரவில்லை. மழை நாளிலும் மின்சாரம் போன நாளிலும் தவிப்பு அப்படியே வந்தது. சாரும் குரலை உயர்த்தினார். வித்தியாசம், அது வரப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நேரத்துக்கு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை. பென்ஷன் விவகாரம், வங்கி, போன் எல்லாவற்றையும் காலைக்குத் தள்ளிவிட்டார். நோய் தன் போக்கில் போகிறது. அம்மாவின் பேச்சு குறைந்திருக்கிறது. பால்காரனைப் பற்றி இப்போது கேட்பதில்லை. இந்த அமைதியில் ஒரு பங்கு சாரின் மாற்றத்தால் வந்தது, ஒரு பங்கு நோய் முற்றியதால் வந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. முன்னேற்றம் என்று எண்களைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

முன்பெல்லாம் முதல் வருகையில் நோயாளியின் மருந்துச் சீட்டை மட்டும் பார்ப்போம். இப்போது பார்த்துக்கொள்பவரின் சீட்டையும் கேட்கிறோம். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், கடைசியாகத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் எப்போது தூங்கினார், அந்த வீட்டுக்கு யார் எந்த நேரத்தில் போன் செய்கிறார்கள் என்பதும் படிவத்தில் சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர் என்றால், கோபம் வரும் நேரத்திலேயே ஒரு தடவை அளந்து பார்ப்பது முதல் வாரத்து வேலை.

'எழுந்து வெளியே போங்கள்' என்ற யோசனையை, கதவின் மேல் தாழ்ப்பாளைப் பார்க்காமல் யாருக்கும் சொல்வதில்லை. குறிப்பு நோட்டு பதினைந்து நாள், அதற்கு மேல் இல்லை. தெருக்காரர்களிடம் சொல்வதை மூன்றாம் மாதம் வரை தள்ளாமல், குடும்பம் ஒப்புக்கொண்டால் முதல் மாதமே தொடங்குகிறோம்.

தீராதது ஒன்று இருக்கிறது. சார் ஒரு நாள் முழுக்க ஓய்வெடுக்க வேண்டும் என்றால், அம்மாவைப் பகலில் விட்டுவைக்க அந்த ஊரில் ஒரு இடம் இல்லை. தீபாவளிக்குப் பிறகு ஏஜென்சி மூலம் வந்த பராமரிப்பாளர் ஒன்பதாம் நாள் சொல்லாமல் போய்விட்டார். மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் வந்து தங்குகிறார், அந்த நான்கு நாளும் சார் தன் அக்கா வீட்டுக்கு மன்னார்குடிக்குப் போய்விடுகிறார். அடுத்த முறை வருவது மாசி மகத்தை ஒட்டி. அதற்கு முன்னால் அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது அதிகமாகியிருப்பதால், விழுங்கும் பரிசோதனைக்குத் தஞ்சாவூரில் நாள் கேட்டிருக்கிறோம்.